யாரோ வெட்டிய புல்

— சத்தியமா சொல்லுங்க அத்தை. இந்தப் புல்லை நீங்க ஆள் வெச்சு வெட்டலை?

— எனக்கு எண்பத்தாறு வயசு. என் பேச்சைக் கேக்கற ஆள் எவன்டா இருக்கான்? மொதல்ல உட்கார விடு, மூச்சு வாங்குது. கூடையை அந்தக் கல்லு மேல வை இன்-மோ. கொழுக்கட்டை நசுங்கிடப் போகுது.

— நேத்து வெட்டினதுதான். வெட்டிப் போட்ட புல்லு இன்னும் பச்சையாக் கெடக்கு. ஓரமெல்லாம் சேர்த்து அவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்காங்க. அப்பா சமாதிக்குச் சவரம் பண்ணிவிட்ட மாதிரி இருக்கு.

— நல்லதாப் போச்சு போ. வருஷா வருஷம் அறுவடைப் பண்டிகைக்கு வந்து அரிவாளைத் தூக்குவ, ராத்திரி பூரா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு முனகுவ. இந்த வருஷம் உன் இடுப்பு தப்பிச்சுது. கும்பிட்டுட்டு ஓடைக்கரைக்குப் போவோம். மேப்பிள் எல்லாம் செவக்க ஆரம்பிச்சிடுச்சு, அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவோம்.

— எனக்கு இலை பார்க்கற மனசில்லை. ஒண்ணு கேக்கறேன். எங்கப்பா சமாதியை இன்னொருத்தன் ஏன் வெட்டணும்?

— தப்பா வெட்டியிருப்பான். பண்டிகை வந்தா மலை பூரா பட்டணத்து ஆளுங்கதான். புல்லு இடுப்பளவு வளர்ந்துட்டா எந்த மண்மேடு யார் சமாதின்னு எவனுக்குத் தெரியுது? கேளு, கீழ்வீட்டுக்காரன் மகன் போன வருஷம் யாரோட சமாதியையோ அரை நாள் வெட்டி, விழுந்து கும்பிட்டு, படையல் போட்டு, சாப்பிட்டும் முடிச்சிட்டான். ஏப்பம் விடறப்ப அந்தச் சமாதிக்காரங்க வந்து நிக்கறாங்க. ஊரே சிரிச்சுது.

— தப்பா வந்தவன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வானா? பேரிக்கா, காஞ்ச மீனு, கிண்ணத்துல அரிசிக் கள்ளு. இதோ பாருங்க, தலைமாட்டுல சிகரெட்டைப் பத்தவெச்சு நட்டு வெச்சிருக்கான்.

— செத்த மனுஷன் புகைக்கிறவனா இருந்தா அப்படி வெப்பாங்க.

— அப்பாவுக்குப் புகையே ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— அதைத்தான் நானும் சொல்றேன். ஆள் மாறிப்போச்சு அவனுக்கு. விடு.

— விட முடியாது அத்தை. நாளன்னிக்குக் காலையில தோண்டற ஆளுங்க வர்றாங்க. அப்பாவை எடுத்துக்கிட்டுப் போய் அம்மா பக்கத்துல வெக்கணும். வொன்ஜுவுல அஸ்தி மண்டபத்துல பக்கத்துப் பக்கத்து இடம் ரெண்டு வாங்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியும். இப்பப் போய் எவனோ வந்து படையல் போட்டுட்டுப் போறான்.

— அதான் சகுனம் சரியில்லையே. தள்ளிப் போடு.

— எத்தனை தடவை தள்ளறது? அதிக மாசம் வரட்டும், சமாதியைத் தொடறதுன்னா அப்பத்தான் தொடணும்னீங்க. அதிக மாசம் வந்தது, உங்களுக்கு முழங்கால் வலி வந்தது. அடுத்து மழைன்னீங்க. எனக்கு அம்பத்தேழு ஆகுது. இன்னும் பத்து வருஷத்துல என்னாலயும் இந்த மலை ஏற முடியாது. இந்தக் காலத்துப் பிள்ளை, என் பையனா ஏறப் போறான்?

— ஏறாட்டிப் போறான். மண்ணுக்குள்ள நிம்மதியாப் படுத்திருக்கற மனுஷனை எழுப்பி, பட்டணத்துல ஒரு அலமாரியில பூட்டி வெக்கணுமா?

— ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. இந்த மலைச்சரிவை யாருக்காவது வித்துட்டீங்களா?

— இது எங்க அப்பன் வீட்டு மலையா விக்கறதுக்கு? வனத்துறைக்காரனோடது.

— அப்ப காளான். இந்த மேட்டுக்குப் பின்னால இருக்கற பைன் மரத்தடியிலதான் நீங்க வருஷா வருஷம் அந்த விலை ஒசந்த காளான் எடுக்கறீங்க. தோண்டற ஆளுங்க வந்தா இடம் தெரிஞ்சிடும். அதானே?

— காளான் இடத்தைப் பெத்த பிள்ளைக்கே காட்ட மாட்டோம்டா நாங்க. ஆனா அது இந்த மலையிலயே இல்லை. சந்தோஷமா? ஆபீஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாரையும் சந்தேகப்படற புத்தி வந்திடுச்சு உனக்கு.

— அப்ப மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததா?

— டேய்.

— இருந்ததா இல்லையா? மகன் மாதிரி ஒருத்தன் வந்து புல்லு வெட்டியிருக்கான். நீங்க சமாதியைத் திரும்பிக்கூடப் பார்க்காம, ஓடைக்குப் போகலாம், இலை பார்க்கலாம்ங்கறீங்க. அம்மா உயிரோட இருந்த வரைக்கும் வாயைத் தெறக்கலை, சரி. அவங்க போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகுது. இனிமே யாருக்காக மறைக்கறீங்க?

— என் தம்பி சோக்-ஜு உங்கம்மாவைத் தவிர இன்னொரு பொண்ணை நிமிர்ந்து பார்த்தவன் இல்லை. இன்னொரு தடவை அவனை இப்படிப் பேசினா செருப்பால அடிப்பேன்.

— சத்தம் கேக்குதா? யாரோ ஏறி வர்றாங்க.

— மலையேற வந்தவனா இருக்கும். எழுந்திரு, கீழ போயிடலாம்.

— ஏன் கையைப் பிடிச்சு இழுக்கறீங்க? அவர் தோள்ல புல்லு வெட்டற மெஷின் இருக்கு அத்தை.

— வணக்கம்ங்க. உட்காருங்க அம்மா, எனக்காக எழுந்திருக்காதீங்க. தண்ணி மொள்ள ஓடைக்குப் போயிருந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க, இந்தச் சமாதிக்கு வந்தவங்களா நீங்க?

— ஆமாங்க. நீங்கதான் இதை வெட்டினதா?

— நான்தான். என் பேர் தாக். அப்பாடா, கடைசியில கண்ணுல பட்டீங்க. உங்களைப் பிடிக்கணும்னே பண்டிகைக்கு முன்னாடியே வந்து கீழ விடுதியில ரூம் போட்டேன்.

— எங்களைப் பிடிக்கவா? எதுக்கு?

— போன வருஷம் இலை உதிர்ந்தப்புறம் வந்தேன். முள்ளுக்காடா இருக்கும், மேடே கரைஞ்சிருக்கும்னு பயந்துக்கிட்டே ஏறினா, சுத்தமா வெட்டி வெச்சிருக்கு. சந்தோஷம்தான். ஆனா தப்பா நெனச்சுக்காதீங்க, சந்தேகமும் வந்திடுச்சு. சமாதியைப் பராமரிச்சவனுக்கு அந்த இடத்துல உரிமை உண்டுன்னு கோர்ட்டுல நிப்பாங்களாமே. எவனோ எங்கப்பா எடத்தை வளைக்கறான்னு நெனச்சேன்.

— உங்கப்பா எடமா?

— ஆமாங்க. இது எங்கப்பா.

— பார்த்தீங்களா அத்தை? நான் சொன்னப்ப செருப்பைத் தூக்கினீங்க. சரி, தாக் சார். உங்களுக்கு என்ன வயசு?

— அறுபத்தஞ்சு.

— என்னைவிட எட்டு வயசு மூத்தவர். அப்ப அண்ணன்தான். நான் அப்பாவோட சின்ன மகன். எங்கம்மாவுக்கு உங்களைப் பத்தி எதுவும் தெரியாது. எனக்கும் இந்த நிமிஷம்தான் தெரியும்.

— நீங்க சொல்றது எனக்குப் புரியலைங்க. எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா செத்து ரெண்டாம் வருஷமே என்னைத் தூக்கிக்கிட்டு பிரேசிலுக்குக் கப்பல் ஏறிட்டாங்க. அங்கதான் வளர்ந்தேன், அங்கதான் துணிக்கடை. ஊத்துக்கு மேல, தவளை மாதிரி ரெண்டு பாறைக்கு நடுவுல, செஸ்ட்நட் மரத்துக்கு நேரான்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.

— உங்கப்பா பேர் என்ன?

— தாக் மன்-தோல்.

— எங்கப்பா பே சோக்-ஜு. சின்ன வயசுலேர்ந்து நான் இங்கதான் கும்பிடறேன். உங்கம்மா சொன்ன பாறை வேற பாறையா இருக்கும். நீங்க எடம் மாறி வந்திருக்கீங்க.

— நானா? அப்பாவைப் புதைக்கறப்ப பேர் எழுதின சுட்டமண் ஓடு ஒண்ணையும் கூட வெச்சுப் புதைச்சதா அம்மா சொல்லியிருக்காங்க. ஆனா அதுக்காக அவரைக் கிளற மாட்டேன்.

— நீங்க கிளற வேண்டாம். நாளன்னிக்கு எப்படியும் ஆளுங்க வந்து தோண்டத்தான் போறாங்க. ஓடு இருந்தா வெளிய வரட்டும். யார் அப்பான்னு தெரிஞ்சிடும்.

— தோண்டறதா? எங்கப்பா எலும்பைத் தோண்ட நீங்க யாருங்க? அம்மா, பெரியவங்க நீங்களாவது சொல்லுங்க.

— அத்தை, சொல்லுங்க. உங்க தம்பி இங்கதான் இருக்கார்னு சொல்லுங்க இவர்கிட்ட.

— கொஞ்சம் தண்ணி குடு தம்பி.

— குடிங்க அம்மா. மெதுவா.

— இன்-மோ, தோண்ட வர்றவங்களை வர வேண்டாம்னு சொல்லிடு. இது இவர் அப்பாதான்.

— என்ன சொல்றீங்க?

— கேளு. குறுக்க பேசாத, பேசினா என்னால முடிக்க முடியாது. உனக்கு அப்ப ஒண்ணரை வயசு. உங்கப்பன் கோஜின் துறைமுகத்துலேர்ந்து மீன் பிடிக்கப் போனான். பனிமூட்டத்துல எல்லை தாண்டிடுச்சோ, அவங்களே வந்து பிடிச்சாங்களோ, நமக்குப் பகையான வடக்கு நாட்டுக்காரன் படகோட இழுத்துக்கிட்டுப் போயிட்டான். கொஞ்ச மாசத்துல படகைத் திருப்பி அனுப்பினான். உங்கப்பன் மட்டும் அதுல இல்லை.

— நெஞ்சுவலின்னு சொன்னீங்களே.

— சொன்னேன். வேற என்ன சொல்ல? தானாத்தான் அங்க தங்கிட்டான், உளவாளியாயிட்டான்னு போலீஸு வாரா வாரம் உங்கம்மாவை உட்காரவெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தான். அக்கம்பக்கத்துல உனக்கு ஒரு மிட்டாய் குடுக்கக்கூடப் பயந்தாங்க. உங்க ரெண்டு பேரையும் நான் வாக்கப்பட்ட இந்த ஊருக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். புருஷன் எங்கன்னாங்க, செத்துட்டான்னேன். இந்த ஊர்த் தலைவன் லேசுப்பட்டவன் இல்லை. அப்படின்னா சமாதி எங்க, பண்டிகை வருதே, புல்லு வெட்டப் போகலையான்னு கேட்டான்.

— அதுக்கு?

— இந்த மேடு அனாதையா முள்ளு மூடிக் கெடந்தது. உன்னை முதுகுல கட்டிக்கிட்டு, உங்கம்மா கையில அரிவாளைக் குடுத்து, ஊர் பார்க்க ஏறி வந்தேன். நாங்க வெட்டறதை அந்தாளு அதோ அந்த மரத்தடியில நின்னு பார்த்தான். அதுக்கப்புறம் எவனும் கேக்கலை. உளவாளி பிள்ளைன்னு ஒருத்தன் உன்னைச் சொல்லலை. பள்ளிக்கூடம் போன, பரீட்சை எழுதின, சர்க்கார் ஆபீஸ்ல உட்கார்ந்த. எல்லாம் இந்த மேட்டோட தயவு.

— அம்மாவும் சேர்ந்தா?

— அவளும் சேர்ந்துதான். தெரிஞ்சா நீ தூக்கத்துல உளறிடுவன்னு உன்கிட்ட மறைச்சோம். வளர்ந்தப்புறம் சொல்லலாம்னா ஆபீஸர் ஆயிட்ட. அப்புறம் எந்த வாயால சொல்றது?

— கல்யாணம் ஆன மறுநாள் என் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு இங்கதான் ஏறி வந்தேன். பையன் பொறந்தப்ப வந்தேன். ப்ரமோஷன் வந்தப்ப இங்க உட்கார்ந்து அழுதேன் அத்தை. யாரோ ஒருத்தர்கிட்ட.

— தப்பா நெனச்சுக்காதீங்க இன்-மோ சார். நான் ஒண்ணு சொல்லலாமா? எங்கப்பாவுக்கு ஒரு மருமகளையும் பேரனையும் காட்டினது நீங்கதான். நான் அந்தப் பக்கம் துணி வித்துக்கிட்டிருந்தேன். கோர்ட்டு கீர்ட்டுன்னு பேசினதுக்கு என்னை மன்னிக்கணும்.

— நீங்க ஏங்க மன்னிப்புக் கேக்கறீங்க? உங்கப்பாவைத் தோண்ட ஆள் வெச்சவன் நான்.

— தம்பி, உங்கப்பா பெரிய மனசுக்காரர். இத்தனை வருஷத்துல என் கனவுல ஒரு தடவைகூட வந்து திட்டலை. அந்தக் கள்ளை எனக்கும் ஊத்து.

— குடிங்க அம்மா. சார், உங்களுக்கு?

— வேண்டாம். அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊரை ஏமாத்த ஒரு மேடுதானே வேணும்? கடல்ல போன மீனவனுக்குச் சட்டையைப் புதைச்சு மேடு கட்டறது உண்டுதானே. அப்படிக் கட்டியிருந்தா அது எங்கப்பாவோடதா இருந்திருக்கும். கீழ வெறும் சட்டைதான்னாலும் நான் கும்பிட்டது அவரையா இருந்திருக்கும். அதைக்கூட ஏன் செய்யலை?

— உங்கம்மா சட்டையை மடிச்சு என் கையில குடுத்தா. நானும் மம்பட்டியை எடுத்துக்கிட்டு வந்தேன். அரை முழம் தோண்டினேன்.

— அப்புறம்?

— திரும்பி வந்த படகுல இருந்தவன் ஒருத்தன் முந்தின நாள் ரகசியமா வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிருந்தான். கால் ஒடிஞ்சு அங்க ஆஸ்பத்திரியில கெடந்த உங்கப்பன், பையன் பேச ஆரம்பிச்சுட்டானான்னு கேட்டானாம். ஊருக்கு அவன் செத்துட்டான்னு சொல்லிட்டேன் இன்-மோ, போலீஸுக்குச் சொல்லிட்டேன், உனக்கும் சொல்லிட்டேன். உசிரோட இருக்கற தம்பி மேல மண்ணு அள்ளிப் போட மட்டும் எனக்குக் கை வரலைடா.