முதல் தரம் வாறவர்

சயந்தன்: இஞ்சாலை வாங்கோ, இஞ்சாலை! இடப்பக்கமா இருங்கோ. ஏரி இந்தப் பக்கம்தான் தெரியும்.

ரிஷானி: உங்களுக்கெப்பிடித் தெரியும், அங்கிள்? றீகி மலைக்கு முதல் தரம் வாறனெண்டுதானே சொன்னனீங்கள்.

சயந்தன்: முதல் தரம்தான்… யூரியூப்பிலை பாத்தனான்.

ஆரன்: அங்கிள், இந்த ரெயின் ஏன் சரிஞ்சு நிக்குது? விழுமோ?

சயந்தன்: விழாது அப்பன். நடுவிலை பல்லு வைச்ச தண்டவாளம் இருக்கு. அதைக் கடிச்சுக் கடிச்சு ஏறும்.

ஆரன்: எனக்கு முன்பல்லு ரெண்டும் இல்லை.

ரிஷானி: அப்ப நீ கீழை விழுவாய்.

சயந்தன்: தம்பியை வெருட்டாதையும் ரிஷானி… இப்ப பாருங்கோ, இந்த மரங்கள் முடியட்டும்… இந்தா… இந்தா!

ஆரன்: கப்பல்! நாங்கள் வந்த கப்பல்! தீப்பெட்டி மாதிரிப் போகுது!

ரிஷானி: ஐயோ, என்ன வடிவு… அங்கிள், தண்ணி ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம்.

சயந்தன்: பதினாலு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன், பிள்ளை. சனி ஞாயிறெண்டா சூரிச்சிலை ரெஸ்ரோறண்ட் குசினிக்குள்ளை. மலையை முதலாளி தாற கலண்டரிலைதான் கண்டது. இதைப் பாத்தவுடனை எனக்குக் கண் கலங்கிட்டுது.

ரிஷானி: கலங்கிட்டுதோ? எங்கை… காஞ்செல்லோ கிடக்கு.

சயந்தன்: கலங்கும் போலை கிடக்கு எண்டு சொல்ல வந்தனான்.

ஆரன்: அங்கிள், நீங்கள்தானே அந்தச் சறுக்கீஸிலை—

ரிஷானி: ஆரன்! சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு.

ஆரன்: எனக்கு லேஸே இல்லை. ஒட்டுற சப்பாத்து.

ரிஷானி: அப்ப வடிவா ஒட்டு.

சயந்தன்: சரி சரி, இறங்குவம். இந்த ஸ்டேஷன்தான். தொப்பியை விட்டிடாதை, அப்பன்.

ஆரன்: எனக்கு ஒண்டுக்கு வருது.

சயந்தன்: அந்தக் கொட்டிலுக்குப் பின்னாலை ஓடு. பச்சைக் கதவு. தள்ளக்கூடாது, இழுக்கோணும்.

ரிஷானி: யூரியூப்பிலை கக்கூசுக் கதவும் காட்டுறாங்களோ?

சயந்தன்: இப்ப எல்லாம் காட்டுறாங்கள், பிள்ளை… ரிஷானி, தம்பி வாறதுக்குள்ளை ஒண்டு கதைக்கலாமோ?

ரிஷானி: கதையுங்கோ.

சயந்தன்: இரவைக்கு அம்மா உம்மட்டை ஒரு விசயம் கேக்கப்போறாவாம். நானும் அவாவும்… நான் உங்கடை வீட்டுக்கு… ச்சா, அவாவையே கேக்க விட்டிருக்கலாம்.

ரிஷானி: கலியாணமோ?

சயந்தன்: ஓம். ஆரன் சின்னவன், ஐஸ்கிறீமுக்கே ஓமெண்டுவான். நீர் வேண்டாமெண்டா அம்மா செய்யமாட்டா. நானும் ஏனெண்டு கேக்கமாட்டன். கோபிக்கவும் மாட்டன்.

ரிஷானி: அப்ப இந்த மலை எனக்கு லஞ்சமோ?

சயந்தன்: ஐயோ, லஞ்சமில்லை!

ரிஷானி: பகிடிக்குச் சொன்னனான், அங்கிள். முகத்தைப் பாருங்கோவன்… எங்கடை அப்பாவும் றீகிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவர். அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு சொல்லிச் சொல்லியே கனடாவுக்குப் போட்டார்.

சயந்தன்: வாரும், இந்த வாங்கிலை இரும், பிள்ளை.

ரிஷானி: சரி, பசிக்குது. நெருப்பு மூட்டுவம்.

சயந்தன்: விறகு அந்தப் பெட்டிக்குள்ளை. அடியிலை இருக்கிறதை எடும், மேலை இருக்கிறது ஈரம்.

ரிஷானி: ம்… அடியிலை.

சயந்தன்: பாரும், ஆரோ வெட்டி அடுக்கி வைச்சிருக்கினம், வாற போற ஆக்கள் எரிக்கட்டுமெண்டு. ஒருத்தரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போறதில்லை. என்ன நாடப்பா இது!

ஆரன்: வந்திட்டன்! அங்கிள், இழுக்கத் திறந்துது! என்ன சாப்பாடு?

சயந்தன்: செர்வெலா சொசேஜ். சுட்டுச் சாப்பிடுவம்.

ரிஷானி: அம்மா மாடு சாப்பிட விடமாட்டா.

சயந்தன்: தெரியும். இது கோழியிலை செய்தது. மூண்டு கடை ஏறி இறங்கித்தான் பிடிச்சனான். புட்டும் சம்பலும் கிடக்கு, இது பிடிக்காட்டி.

ரிஷானி: முனை ரெண்டையும் குறுக்கை வெட்டத் தெரியுமோ?

சயந்தன்: இந்தா, இப்பிடி. சூடு பட பூ மாதிரி விரியும்.

ரிஷானி: அட! என்ரை சிநேகிதி ஜெனனியின்ரை அப்பாவைவிட நல்லா வெட்டுறியள்.

சயந்தன்: போன முறை ஆழமா வெட்டிக் கருகிப்போச்சு.

ரிஷானி: போன முறையோ?

சயந்தன்: வீட்டிலை… அடுப்பிலை.

ஆரன்: அந்தா சறுக்கீஸ்! நான் ஏறிச் சறுக்கப் போறன்!

சயந்தன்: ரெண்டாவது வளைவிலை காலை மடக்கு, அப்பன்! அதிலை முழங்கால் இடிக்கும்!

ரிஷானி: அங்கிள்.

சயந்தன்: என்ன பிள்ளை?

ரிஷானி: அம்மா சொல்லுவா, முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கேலாதெண்டு. என்ரை போனிலை இந்தப் படத்தைப் பாருங்கோ.

சயந்தன்: என்ன படம்… கடவுளே!

ரிஷானி: போன சனிக்கிழமை ஜெனனி ஆக்கள் இஞ்சை வந்தவை. அவளின்ரை அம்மா வட்ஸ்அப்பிலை எல்லாருக்கும் அனுப்பினவா. "பிள்ளை குட்டி ஒண்டும் இல்லாமல் ஒரு தமிழ் ஆள் நாலு தரம் சறுக்கீஸ் விடுறார், விசரோ தெரியேல்லை" எண்டு.

சயந்தன்: நாலு தரமில்லை. மூண்டு.

ரிஷானி: ஹஹ்ஹா! ஏன் அங்கிள்?

சயந்தன்: சின்னப் பிள்ளைக்குச் சரிவருமோ எண்டு பாக்கத்தான். லீவு போட்டிட்டு வந்தனான். எந்தக் கப்பல், எந்தப் பக்கம் இருக்கிறது, கக்கூசு எங்கை… எல்லாம் பாத்தனான். நான் ஒருநாளும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு எங்கையும் போனதில்லை, ரிஷானி. பிழைச்சுப் போடுமோ எண்டு பயம்.

ரிஷானி: தனியவோ சாப்பிட்டனீங்கள்?

சயந்தன்: ஓம். அந்தக் கருகினதை.

ஆரன்: அங்கிள்! மடக்கினனான்! இடிக்கேல்லை!

சயந்தன்: கெட்டிக்காரன்! இன்னொருக்கா விடு! … அப்ப நீர் காலமை தொடக்கம் தெரியாத மாதிரி இருந்தனீரோ?

ரிஷானி: நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டு வந்தனீங்கள். வீணாப் போகக்கூடாதெல்லோ. ஆரன்தான் ரெயினுக்குள்ளையே கெடுக்கப் பாத்தவன்.

சயந்தன்: எனக்கு வெக்கமாக் கிடக்கு, பிள்ளை. சரி… மறைக்க இனி ஒண்டுமில்லை. இரவைக்கு அம்மா கேக்கேக்கை என்ன சொல்லப்போறீர்? எனக்காகப் பாக்கவேண்டாம். உள்ளதைச் சொல்லும்.

ரிஷானி: இரவைக்கு அம்மா ஒண்டும் கேக்கமாட்டா, அங்கிள். அவா போன சனிக்கிழமையே கேட்டிட்டா. இந்தப் படத்தைப் பாத்திட்டு நான் ஓமெண்டு சொல்லிட்டன்.