கதவுக்கு வெளியே முழங்காலில்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

கடந்த வெள்ளிக்கிழமை மாலை தங்கள் வீட்டு முன்னறையில் ஆறு பேர் இருந்தோம். கைவைத்த மர நாற்காலியில் தாங்கள். தங்களுக்கு இடப்பக்கம், பின்னல் ஊசியும் கையுமாகப் போதகரம்மா. ஜன்னலோரம் ஜெபக்குழுவின் மூத்தவரான பல் டாக்டர். நீள சோபாவில் என் மனைவியும் அவளுடைய அக்காவும். மாவுக்கட்டுப் போட்ட இடது காலை மனைவி முக்காலிமேல் நீட்டியிருந்தாள். எனக்குக் கதவருகே பிளாஸ்டிக் நாற்காலி.

"நடந்ததை ஒளிக்காம எழுதிக் குடுங்க பிரதர். மத்ததை அப்புறம் பேசலாம்" என்றீர்கள். எழுதுவது எனக்குச் சிரமமான காரியமல்ல. இருபது வருடமாக அலுவலகத்தில் கடிதம் அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எதை எழுதினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வதால் குழுவில் என்னை 'கார்பன் பிரதர்' என்பார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

நான் மனைவியை அடிப்பவனாக இருந்தேன். கன்னத்தில், முதுகில், இரண்டு தடவை இஸ்திரிப் பெட்டியின் ஒயரால். தங்கள் சபையில் எல்லார் முன்பாகவும் அழுது அறிக்கையிட்ட நாளிலிருந்து என் கை அவள்மேல் படவில்லை. இன்றோடு பதினான்கு மாதம், ஆறு நாள்.

மாதக் கடைசி ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்து, "இந்த மாசமும் கர்த்தர் என் கையைக் காத்தார்" என்பேன். சபை வழக்கப்படி அவளும் என் பக்கத்தில் நின்று, "மன்னிச்சுட்டேன்" என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டபடி இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் அவள் அந்த வார்த்தையை பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோலச் சொன்னாள். மனதார மன்னிக்காவிட்டால் என் மனந்திரும்புதல் அரைகுறையாக அல்லவா நிற்கும்? அதனால் வீட்டிலேயே பழக்க நினைத்தேன். தினமும் காலையில் சமையலறை வாசலில் முழங்காலில் நின்று கேட்பேன். ஒழுங்காகச் சொல்லும்வரை வழிவிட மாட்டேன்.

"கடைக்கு நேரமாச்சுங்க. மன்னிச்சுட்டேன், விடுங்க."

"அடுப்பைப் பாத்துச் சொல்ற. என்னைப் பாத்துச் சொல்லு."

"பால் பொங்குதுங்க."

"பொங்கட்டும்."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். காலையில் சரியாகச் சொல்லாத நாட்களில் மதியம் அங்கே போய் முழங்காலிடுவேன். "சார், பவர் பாக்க வந்தீங்களா, பிரார்த்தனை பண்ண வந்தீங்களா?" என்று முதலாளி முதல் நாள் சிரித்தார். நான்காம் நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். இதுவும் நன்மைக்கே என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

போன மாதச் சாட்சி நேரத்தில் அவள் எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. தாங்கள் சற்றுப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்கையறைக்குள் விட்டு வெளியே பூட்டினேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே முழங்காலில் நின்றேன். கோபமில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரு மணியிலிருந்து நாலரை வரை பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டாள். உபவாசம் மனதை இளக்கும் என்றேன்.

"நீங்க அடிச்சப்பவாவது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றாள் உள்ளேயிருந்து.

பதினான்கு மாத முயற்சிக்கு இதுதானா மரியாதை என்று மனம் கனத்தது. பிறகு உள்ளே சத்தமில்லை. ஜெபிக்கிறாள் என்று நினைத்து நானும் கண்களை மூடி நன்றி செலுத்தினேன். கீழ்வீட்டுக்காரர் கூச்சல் போட்ட பிறகுதான் ஜன்னல் வழியே குதித்திருக்கிறாள் என்று தெரிந்தது. சைக்கிள் கொட்டகையின் கூரைமேல் விழுந்திருந்தாள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நான் தொடவில்லை என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளியன்று தாங்கள், "மன்னிப்புக் கேக்கறது உங்க வேலை பிரதர். குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்" என்றீர்கள். குறித்துக்கொண்டேன். "அத்தான், அவ எங்க இருக்கான்னு இனி உங்களுக்குத் தெரிய வேணாம்" என்றாள் அக்கா. "தேடிப் போக மாட்டேன்னு சொல்லுங்க" என்றார் பல் டாக்டர். சொன்னேன். அவர்கள் கார் கிளம்பும்வரை எழாமல் உட்கார்ந்தும் இருந்தேன்.

நான் தேடவில்லை ஐயா. ஆனால் ஜெப விண்ணப்பப் பெட்டியின் சாவியை என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சீட்டுகளை எடுத்து, நல்ல கையெழுத்தில் படியெடுத்துத் தங்களுக்குத் தருவது என் பொறுப்பு. நேற்றும் வழக்கம்போல் திறந்தேன். பெட்டிக்குள் போடுவதை யார் படிக்கிறார்கள் என்று அக்கா யோசிக்கவில்லை போலும். பெயர் எழுதவில்லை, ஆனால் கையெழுத்தை அடையாளம் காண்பது என் தொழில். 'தங்கையின் கால் சீக்கிரம் குணமாக ஜெபியுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெண்கள் விடுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். படி இறங்க முடியாமல் கஷ்டப்படுகிறாள்.'

மூன்று நாள் கர்த்தரிடம் கேட்டதற்கு இது பதில். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மற்ற பதினொரு சீட்டுகளின் படியை இத்துடன் இணைத்துள்ளேன். இந்த ஒன்றுக்காகச் சபை ஜெபிக்கத் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். விடுதியின் பகல் காவலரிடம் காட்டத் திருமணச் சான்றிதழை எடுத்து வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு சொல்லியாயிற்று.

உறையில் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். இதை மடித்து உள்ளே வைத்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. போகிற வழியில் ரயில் நிலையத்துத் தபால் பெட்டியிலேயே போட்டுவிடுகிறேன். புதன்கிழமை தங்கள் கையில் கிடைக்கும். அதற்குள் அவள் என்னை மன்னித்திருப்பாள்.