மகளும் சேர்த்தி

அருள்புரம் பனியன் கம்பெனி முதலாளியே, நீங்கள் தொழில் நடத்தவில்லை, பண்ணையம் நடத்துகிறீர்கள்.

பஸ்ஸில் என் முன் சீட்டில் உங்கள் கம்பெனி டெய்லரான பெண் ஒருவர் இருந்தார். தெற்கத்திப் பேச்சு. பக்கத்திலிருந்த வயதான அம்மாவிடம் சொன்னார்:

"எங்க முதலாளி என் மகளையும் சேத்துத்தான் வேலைக்கு எடுத்தாராம்."

"அதென்ன கண்ணு, புள்ளையையுமா?"

"பிளஸ் டூ முடிச்சிட்டா. நர்சிங் படிக்கணுங்கா. கம்பெனி ரூம்ல வளந்த பிள்ள கம்பெனிக்குத்தான் வரணும், இல்லன்னா ரூம காலி பண்ணுங்காரு. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு."

"குடும்பம்னா அவரு புள்ளையும் பனியன் செக்கிங் வேலைல வந்து உக்காரட்டும்."

"அது லண்டன்ல படிக்கு, பெரியம்மா."

வயதான அம்மா சிரிக்கவில்லை. "எங்க அம்மாவப் பெத்த அப்புச்சி தோட்டத்துலயும் இப்படித்தான் கண்ணு. அப்பன் பண்ணையத்தாளுன்னா பையனும் ஆளுதான். அதெல்லாம் ஒழிஞ்சுதுன்னு இருந்தேன். வேற ஊடு பாக்கறது?"

"பாத்தேன். புருசன் இல்லாதவளுக்கு யாரு தாரா? இந்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்?"

கம்பெனி நிறுத்தத்தில் அவர் ஒருவர்தான் இறங்கினார். கேட்டை நோக்கித் தனியாக நடந்தார்.

முதலாளியே, ஆயுத பூஜையன்று மைக் பிடித்து "ஒரே குடும்பம்" என்று எப்படியும் பேசுவீர்கள். அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: அந்தப் பெண் நர்சிங் படிக்கப் போனால், அவள் அம்மாவுக்கு அந்த ரூம் உண்டா, இல்லையா?