எண்ணெய் போட்ட பூட்டு

வக்கீல்: சரி, அழறத அப்புறம் பாத்துக்கலாம். அந்தக் கதவ நீங்க திறந்தீங்களா, இல்லையா?

பூட்டுக்காரர்: அழலை மேடம். வேர்க்குது.

வக்கீல்: ஃபேன் உங்க தலைக்கு மேலதான் சுத்துது.

பூட்டுக்காரர்: …திறந்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

வக்கீல்: போலீஸ் ஸ்டேஷன்லயும் இப்படித்தான் சொன்னீங்களா?

அக்கா: அத ஏன் கேக்கறீங்க மேடம்! அந்த இன்ஸ்பெக்டர் பூட்டைக் கையில வச்சுக்கிட்டு, "சாவி இல்லாம இதை எவனாலயும் திறக்க முடியாதுய்யா"ன்னு சும்மா சொல்லியிருக்காரு. இவன் வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?

பூட்டுக்காரர்: தொங்குபூட்டு மேடம் அது. நான் எத்தனை பாத்திருக்கேன்! முடியாதுன்னு சொன்னா… ஒரு ரோஷம் வந்துருச்சு.

வக்கீல்: நல்லா வந்துச்சு போங்க ரோஷம்! என்ன சொன்னீங்க?

பூட்டுக்காரர்: "ஏன் முடியாது சார், நான்தானே திறந்தேன்"னு…

வக்கீல்: கடவுளே.

அக்கா: அதான் கூட வந்தேன் மேடம். தனியா விட்டா எதுல வேணா கையெழுத்து போட்டுட்டு வந்துடுவான்.

வக்கீல்: நீங்க?

அக்கா: நான்… அக்கா.

வக்கீல்: உக்காருங்கம்மா. ஏன் செவுத்தோட ஒட்டி நிக்கறீங்க? ஜன்னலோரம் காத்து வரும், நாற்காலிய இந்தப் பக்கம் போடுங்க.

அக்கா: வேணாம் மேடம். இங்கயே இருக்கேன்.

பூட்டுக்காரர்: அவங்களுக்கு இங்கதான் வசதி மேடம். விடுங்க.

வக்கீல்: சரி. புகாரைப் படிச்சேன். மாடி வீட்டுல ஏதோ வேலைக்குப் போயிருக்கீங்க.

பூட்டுக்காரர்: ஆமா மேடம். அவங்க பீரோ பூட்டு மாட்டிக்கிச்சு. சரி பண்ணிட்டு இறங்கி வந்தேன். கீழ் வீட்டு வாசல்ல ஒரு அம்மா நின்னாங்க. சாவி தொலைஞ்சு போச்சு, திறந்து குடுங்கன்னாங்க. திறந்து குடுத்தேன். வந்துட்டேன்.

வக்கீல்: மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்கே.

பூட்டுக்காரர்: இல்ல மேடம்… நடந்தது அதுதான்.

வக்கீல்: நீங்க உள்ள போனீங்களா?

பூட்டுக்காரர்: வாசப்படிய தாண்டல மேடம். சத்தியமா.

வக்கீல்: அப்ப, அந்தப் பொம்பளை உள்ள போகறதுக்கு நீங்க உடந்தை. அத்துமீறி நுழைஞ்சதுல உங்களுக்கும் பங்குன்னு எழுதியிருக்காங்க. கேக்க சின்னக் கேஸ்தான்.

பூட்டுக்காரர்: சின்னக் கேஸ்தானே மேடம்? அப்ப ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிடறேனே? ஒரு நாள்ல முடிஞ்சுரும்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க…

அக்கா: பாத்தீங்களா, பாத்தீங்களா! வழியெல்லாம் இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு… வந்தான்.

வக்கீல்: இங்க பாருங்க. அவங்களுக்கு ஒரு நாள்ல முடிஞ்சுரும். உங்களுக்கு அன்னிக்குத்தான் ஆரம்பிக்கும். அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறந்து தண்டனை வாங்கின பூட்டுக்காரர்னு பேர் விழுந்துச்சுன்னா, எந்த வீட்டு வாசல்ல உங்களை விடுவாங்க?

பூட்டுக்காரர்: …விட மாட்டாங்க.

வக்கீல்: வேற தொழில் தெரியுமா?

பூட்டுக்காரர்: குடை ரிப்பேர் பண்ணுவேன்.

வக்கீல்: வருஷம் பூரா மழையா பெய்யப் போகுது? பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கல்ல?

பூட்டுக்காரர்: இருக்காங்க மேடம். அவளும் ராத்திரி பூரா தூங்கல. பயந்து கெடக்கா.

வக்கீல்: அப்ப ஒத்துக்கறதப் பத்தி இன்னொரு தடவை பேசாதீங்க. எனக்கு வேற ஒண்ணு புரியல. பூட்டை உடைக்கல. திறந்து, திருப்பிப் பூட்டி அப்படியே தொங்க விட்டிருக்கீங்க. புகார் குடுத்த கீழ் வீட்டு ஆள் எப்படிக் கண்டுபிடிச்சாரு?

அக்கா: எண்ணெய் போட்டிருக்கான் மேடம்.

வக்கீல்: எதுக்கு?

அக்கா: பூட்டுக்குத்தான்.

வக்கீல்: அய்யோ, அதுவா! "தினமும் மல்லுக்கட்டித் திறக்கிற பூட்டு, அன்னிக்கு வழுக்கிக்கிட்டுத் திறந்தது, கையெல்லாம் எண்ணெய்"ன்னு எழுதியிருக்காரு. நானும் என்னடா இதுன்னு பாத்தேன். ஏன்யா, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு திரும்பப் பூட்டுறவன் எண்ணெயும் போட்டுட்டா வருவான்?

பூட்டுக்காரர்: காய்ஞ்சு கெடந்துச்சு மேடம். கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. எந்தப் பூட்டைத் திறந்தாலும் ரெண்டு சொட்டு விட்டுட்டுத்தான் மூடுவேன். கை தானா போயிடும். அந்த அவசரத்துலயும் போயிடுச்சு.

வக்கீல்: என்ன அவசரம்?

பூட்டுக்காரர்: ஆங்?

வக்கீல்: சாவி தொலைஞ்ச வீடு. திறந்து குடுத்துட்டு வந்தேன்னீங்க. அதுல என்ன அவசரம்?

பூட்டுக்காரர்: அது… சாப்பாட்டு நேரம் மேடம்.

வக்கீல்: ம்ம். அப்புறம், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான் சொன்னப்ப நீங்க இல்லைன்னு சொல்லலையே.

அக்கா: அவனுக்குப் பேசத் தெரியாது மேடம்…

வக்கீல்: நீங்க இருங்கம்மா. பூட்டைத் திறந்தீங்க, அந்தப் பொம்பளை உள்ள போனா. சரி. உடனே வெளியில பூட்டிட்டீங்களே, அப்ப அவ?

பூட்டுக்காரர்: …எடுக்க வேண்டியத எடுத்துக்கிட்டு உடனே வந்துட்டாங்க.

வக்கீல்: என்ன எடுத்தா?

பூட்டுக்காரர்: பாக்கல மேடம்.

வக்கீல்: புகார்ல ஒண்ணுமே காணாமப் போகலன்னு இருக்கு. ஒரு கரண்டிகூட. அப்புறம் எதுக்கு இந்த ஆள் தினம் ஸ்டேஷனுக்கு நடக்கறாரு? ஆரம்பத்துலேர்ந்து ஒரே கேள்விதான் கேக்கறாராம். கூட இருந்த பொம்பளை எங்க போனா, எங்க போனான்னு. உங்க மேலகூட அவருக்குக் கோவம் இல்லையாம்.

அக்கா: இந்தத் தண்ணிய எடுத்துக்கலாமா மேடம்?

வக்கீல்: குடிங்க. பாத்து, சேலை மேலயெல்லாம் கொட்டுது…

பூட்டுக்காரர்: நான் பிடிக்கறேன், விடுங்க. மெதுவா குடிங்க.

வக்கீல்: சொந்த அக்காவுக்கு இவ்வளவு மரியாதையா! என் தம்பி என்னை வாடி போடிங்கறான்.

பூட்டுக்காரர்: எங்க வீட்டுல அப்படித்தான் மேடம் பழக்கம்.

வக்கீல்: நல்ல வீடு. அந்தப் பொம்பளை பாக்க எப்படி இருந்தா?

பூட்டுக்காரர்: நல்லா… சாதாரணமாத்தான் மேடம்.

வக்கீல்: உயரமா, குட்டையா?

பூட்டுக்காரர்: ஞாபகம் இல்ல.

வக்கீல்: செருப்பு போட்டிருந்தாளா?

பூட்டுக்காரர்: இல்ல. வெறுங்காலு.

வக்கீல்: உயரம் ஞாபகம் இல்ல, வெறுங்கால் மட்டும் ஞாபகம் இருக்கா?

பூட்டுக்காரர்: ரோடு சுட்டுச்சு மேடம். என் செருப்பைத்தான் கழட்டி…

அக்கா: தம்பி!

வக்கீல்: சாவி தொலைஞ்சு வெளியில நிக்கறவ செருப்பில்லாம ஏன் நின்னா? அவளோட ரோடு வரைக்கும் நீங்க ஏன் போனீங்க?

பூட்டுக்காரர்: மேடம், நான் ஒத்துக்கிட்டே போயிடறேன். ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்துட்டுக் கிளம்பறோம்.

வக்கீல்: உக்காருங்க. நான் எதிர்க்கட்சி இல்ல, உங்க வக்கீல். இந்த ரூமுக்குள்ள சொன்னது இந்த ரூமைத் தாண்டாது. அந்தப் பொம்பளை அந்த வீட்டுலயே குடியிருக்கிறவன்னா, அவளுக்கு அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல உரிமை உண்டு. அத்துமீறலே கிடையாது. கேஸ் நிக்காது, நீங்க தலை நிமிர்ந்து கடைய திறக்கலாம். அவளைக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு தடவை கோர்ட்ல வந்து சொன்னா போதும்.

பூட்டுக்காரர்: அந்த ஆளும் கோர்ட்டுக்கு வருவாரா?

வக்கீல்: புகார் குடுத்தவர் வராமயா?

பூட்டுக்காரர்: அப்ப வேணாம்.

வக்கீல்: என்ன வேணாம்?

பூட்டுக்காரர்: அவங்க வர மாட்டாங்க. எங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. வாக்கு குடுத்திருக்கேன் மேடம்… அதாவது, தெரியாது.

வக்கீல்: தெரியாத ஆளுக்கு எப்படிய்யா வாக்கு குடுத்தீங்க? இருங்க, ஒரு நிமிஷம்… கீழ வாசல் கேட் பக்கத்துல ஒருத்தர் நீங்க வந்ததுலேர்ந்து நிக்கறாரு. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. உங்களோட வந்தவரா?

அக்கா: ஜன்னலைச் சாத்துங்க மேடம்!

வக்கீல்: ஏன்?

அக்கா: வெயில் அடிக்குது.

வக்கீல்: வெயில் அந்தப் பக்கம்மா.

பூட்டுக்காரர்: சாத்துங்க மேடம். கையெடுத்துக் கும்பிடறேன். மேல பாத்தானா? அவன் மேல பாத்தானா மேடம்?

வக்கீல்: …சாத்திட்டேன். கதவையும் தாழ் போட்டுட்டேன். யாரும் என்னைக் கேக்காம இந்த ரூமுக்குள்ள வர முடியாது. இப்ப சொல்லுங்க. யாரு அது?

பூட்டுக்காரர்: என் பின்னாடியே சுத்தறான் மேடம். கடைக்கு எதிர்ல நிக்கறான். வீட்டுத் தெரு முனையில நிக்கறான். நாங்க பஸ் மாறி மாறித்தான் வந்தோம். அக்கா தலையில முக்காடு போட்டுக்கிட்டு… எப்படியோ வந்துட்டான்.

வக்கீல்: புகார் குடுத்தவரா?

பூட்டுக்காரர்: ம்.

வக்கீல்: உங்க பின்னாடி வரட்டும். உங்க அக்கா எதுக்கு முக்காடு போடணும்?

பூட்டுக்காரர்: மேடம், பேப்பர் குடுங்க. குத்தத்த ஒத்துக்கறேன்னு எழுதி நீட்டுங்க, கையெழுத்து போடறேன். குடை ரிப்பேர் பண்ணிப் பொழைச்சுக்கறேன். கேஸ் முடிஞ்சா அவனுக்குக் கேக்க ஒண்ணும் இருக்காது.

அக்கா: வேணாம்.

பூட்டுக்காரர்: நீங்க பேசாதீங்க. சொல்லக்கூடாதுன்னுதானே பேசிக்கிட்டு வந்தோம்?

அக்கா: உங்க பொண்டாட்டி அவங்க சோத்துல பாதிய எனக்குப் போடறாங்க. அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? போதும். பயந்து பயந்து எனக்கும் அலுத்துப் போச்சு.

வக்கீல்: அம்மா… நிதானமா சொல்லுங்க. வாசல்ல நின்னு இவரைத் திறக்கச் சொன்ன பொம்பளை யாரு?

அக்கா: வாசல்ல யாரும் நிக்கல மேடம். இவரு என் தம்பியும் இல்ல, அன்னிக்கு முன்னாடி இவரை நான் பாத்ததே இல்ல. படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு, கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். கீழ நிக்கறது என் புருஷன். வெளியில பூட்டிட்டு வேலைக்குப் போயிருந்தான்… நான் உள்ள இருந்தேன்.