அந்தக் கிணற்றை நாளை திறக்காதீர்கள்

காணை மண்ணின் காவலராய், கனிவின் உறைவிடமாய், இந்த மேடையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் விழாத் தலைவர், ஊராட்சி மன்றத் தலைவர் அண்ணன் சீனுவாசன் அவர்களே, கரும்பு வெட்டிய கையோடு கை தட்ட வந்திருக்கும் உழவர் பெருமக்களே, அடுப்பை அணைத்துவிட்டு, அழுத பிள்ளையை இடுப்பில் ஏந்தி, முன்வரிசைப் பாயை நிறைத்திருக்கும் என் தாய்மார்களே, இவன் எப்போது முடிப்பான், பாட்டு எப்போது போடலாம் என்று மைக் செட்டுக்கு அருகே காத்து நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவரின் பாதங்களையும் பணிந்து வணங்குகிறேன்.

பணிவுக்காகச் சொல்லும் வழக்கமான வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். இன்று உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. பாதத்தைப் பார்த்துத்தான் பேச முடிகிறது.

தலைவர் சற்று முன் என்னை என்னவெல்லாம் சொன்னார்? திண்டிவனம் தந்த திருவிளக்கு என்றார். நஞ்சை வென்ற நாயகன் என்றார். அறிவியல் அரிமா என்றார். ஒவ்வொரு பட்டத்துக்கும் நீங்கள் கை தட்டினீர்கள். அந்த ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் விழுந்தது. கடைசியாக அவர் ஒரு செய்தி சொன்னார். நாளைக் காலை முள்ளை அகற்றி, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி, மூடிக் கிடக்கும் ஊர்க் கிணற்றைத் திறக்கப் போகிறோம். குணபத்திரன் சாரின் ஈஸ்டை அதில் ஊற்றப் போகிறோம். இனி எல்லோரும் அந்தத் தண்ணீரையே குடிக்கலாம் என்றார்.

அந்தக் குணபத்திரன்தான் சொல்கிறேன். அந்தக் கிணற்றைத் திறக்காதீர்கள்.

சலசலப்பு கேட்கிறது. அமருங்கள் ஐயா, அமருங்கள். காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.

ஈஸ்ட் என்றால் என்ன? பேக்கரியில் பன்னை உப்ப வைக்கிறதே, அந்த நுண்ணுயிர். பனையில் இறக்கியதைப் பொங்க வைப்பதும் அதன் இனம்தான். அங்கே பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். அவருக்கு ஈஸ்டை என்னைவிட நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. இந்தச் சின்னஞ்சிறு உயிருக்குத் தாமிரம் அளவு மீறினால் ஆகாது. பயிருக்கு மயில்துத்தம் தெளிக்கிறீர்களே, அதில் இருப்பது தாமிரம்தான். ஆனால் அந்தத் தாமிரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் ஈஸ்டின் உடலில் உண்டு. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கி உள்ளே வைத்தால், ஈஸ்ட் கூடுதல் தாமிரத்தைத் தாங்கும். அப்படி மாற்றிய ஈஸ்டைச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினோம். நான் வேலை பார்க்கும் திண்டிவனம் கல்லூரியில் வைத்துச் சோதித்தேன். துத்தம் கரைத்த சர்க்கரை நீரில் சாதாரண ஈஸ்டை விட்டால் மறுநாளும் நீர் தெளிந்தே நிற்கும், ஈஸ்ட் வளரவில்லை என்று பொருள். மாற்றிய ஈஸ்டை விட்டால் நீர் பால்போல் கலங்கும், ஈஸ்ட் பெருகிவிட்டது என்று பொருள். இதுவரை நான் சொன்னது உண்மை. இதற்காக நீங்கள் கை தட்டியிருந்தால் தலைவணங்கி ஏற்றிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பேராசை வந்தது.

உங்கள் கிணற்றின் கதை தென்னார்க்காடு மாவட்டம் முழுக்கத் தெரியும். பித்தளைச் சாமானுக்கு மெருகும் முலாமும் போடும் பட்டறையின் கழிவு ஓடையில் இறங்கியது, ஓடையிலிருந்து கிணற்றில் இறங்கியது, கிணற்றிலிருந்து குழந்தைகளின் வயிற்றில் இறங்கியது. வாந்தியும் வயிற்றுவலியுமாய் ஊரே துவண்டது. அதிகாரிகள் அளந்து பார்த்துத் தாமிரம் மிக அதிகம் என்றார்கள். கிணற்றுக்கு முள் போட்டீர்கள். அன்று முதல் ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்து நடந்து, இந்தத் தாய்மார்களின் இடுப்பு காய்த்துப் போயிருக்கிறது.

அந்தக் கெட்ட நீரில் என் ஈஸ்டை விட்டுப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். பால் வண்டி ஓட்டும் பாண்டுரங்கனிடம், “காலேஜுக்கு உங்க ஊர்த் தண்ணி ஒரு குடம் வேணும்பா” என்று சொல்லியனுப்பினேன். குடம் வந்தது. சர்க்கரை கரைத்து ஈஸ்டை விட்டேன். நீர் கலங்கியது. ஈஸ்டை வடித்தெடுத்துவிட்டு நீரை அளந்தேன். தாமிரம் இல்லவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரரிடம் ஓடினேன். ‘நஞ்சை உண்ணும் ஈஸ்ட்’ என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் இந்தப் பந்தலைப் போட்டீர்கள்.

இன்று மாலை இந்த மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் சமணர் வீட்டுப் பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் தீங்கு வரக்கூடாதென்று, தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம். கைக்குட்டையை எடுத்தேன். அவர் சிரித்தார்.

“சும்மா குடிங்க சார், சுத்தமான தண்ணி. அன்னிக்குக் காலேஜுக்குக் குடுத்து உட்டேனே, அதே ஏரிக்கரை கெணத்துத் தண்ணிதான்.”

“ஏரிக்கரைக் கிணறா? மூடிப்போட்ட ஊர்க் கிணறு இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“இன்னா சார் நீங்க. பெரிய காலேஜுலேந்து தண்ணி கேட்டு ஆள் அனுப்பிக்கிறாங்க. அவங்களுக்குப் போயி அந்த நாத்தம் புடிச்ச தண்ணிய குடுப்பாங்களா? ஊருக்கே அசிங்கம் இல்லீங்களா? எவர்சில்வர் கொடத்தைச் சாம்பல் போட்டுத் தேச்சு, நானே நடந்துபோயி மொண்டுக்கினு வந்தேன்.”

சொம்பை அப்படியே கீழே வைத்தேன்.

என்ன நடந்திருக்கிறது என்று புரிகிறதா, பெரியோர்களே? நல்ல தண்ணீரில் ஈஸ்ட் வளர்ந்தது. வளராமல் என்ன செய்யும்? நல்ல தண்ணீரில் தாமிரம் தேடினேன், இல்லை என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? அதே நீரில் பக்கத்திலேயே சாதாரண ஈஸ்டையும் விட்டிருந்தால், அதுவும் வளர்ந்து என் முட்டாள்தனத்தை அன்றே காட்டியிருக்கும். விட்டேனா? விடவில்லை. ஈஸ்டை விடுவதற்கு முன் நீரை ஒருமுறை அளந்தேனா? அளக்கவில்லை, அதிகாரிகள் அளந்தது போதும் என்றிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் விழுப்புரம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காணை. வந்து என் கையால் கயிற்றை இழுத்தேனா? வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருந்தேன். குடிக்கும் தண்ணீரை வடிகட்டத் தெரிந்த எனக்கு, ஊருக்குச் சொல்லும் சொல்லை வடிகட்டத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

முன்வரிசையில் ஒரு தாய் எழுந்து நிற்கிறார். நான் பெயரைச் சொல்லாமல் மறைத்தேன், அவரே எழுந்துவிட்டார். என்னம்மா? “நான்தாங்க தெரியாம பண்ணிட்டேன்” என்கிறீர்களா? இல்லை அஞ்சம்மா, இல்லை. உட்காருங்கள். கேட்டு வந்தவருக்கு நல்லதைக் கொடுத்தது எப்படிக் குற்றமாகும்? எதற்கென்று சொல்லாமல் கேட்டேனே, குற்றம் அங்கே இருக்கிறது. நாளை யாராவது இந்த அம்மாவை ஒரு சொல் சொன்னால், அதை என்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வேன்.

தலைவர் என் காதருகே வந்து சொல்கிறார்: “சார், எம்.எல்.ஏ.வுக்கு வேற சொல்லியாச்சு. பேஜாராப் பூடும். ஈஸ்டை ஊத்தித்தான் பாப்பமே.” அண்ணனின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணே, என் ஈஸ்ட் தாமிரத்தில் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது உயிரோடு இருப்பதால் தண்ணீர் நல்லதாகிவிடுமா? தாமிரத்தைத் தாங்கும் ஈஸ்டை எங்களால் செய்ய முடிந்தது. தாமிரத்தைத் தாங்கும் பிள்ளையை இங்கே எந்தத் தாய் பெற்றிருக்கிறாள்? பட்டறை இன்றும் ஓடுகிறது, கழிவு இன்றும் இறங்குகிறது, இதில் எத்தனை குடம் ஈஸ்டை ஊற்றுவீர்கள்?

தாய்மார்களே, இதை மட்டும் யோசித்துப் பாருங்கள். முன்பின் பார்க்காத எனக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பது அசிங்கம் என்று நினைத்தீர்கள். பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதற்கு மட்டும் நாளை மாவிலை கட்டலாமா? கழிவை விட்டவனுக்கு வராத வெட்கம், காத தூரம் நடந்து குடம் சுமந்த உங்களுக்கு ஏன் வர வேண்டும்? கெட்ட தண்ணீரை இனி மறைக்காதீர்கள். கலெக்டர் மேசையில் வையுங்கள். பட்டறை வாசலில் வையுங்கள். எம்.எல்.ஏ. வரட்டும், வந்தவருக்கு ஒரு சொம்பில் அதை மொண்டு காட்டுங்கள். அப்போதுதான் அது யாருடைய அசிங்கம் என்று ஊர் உலகத்துக்குத் தெரியும்.

தலைவர் போர்த்திய இந்தப் பொன்னாடையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. இதைக் கொண்டுபோய் அந்தக் கிணற்றின் ராட்டினத்தில் சுற்றிக் கட்டுங்கள், யாரும் கயிறு போட முடியாதபடி. எனக்கு நீங்கள் செய்யும் மரியாதை அதுதான்.

பத்திரிகைக்கு நானே போய், நான் சொன்னது தவறு என்று சொல்வேன். நாளைக் காலை இரண்டு ஈஸ்டையும் எடுத்துக்கொண்டு இங்கே வருவேன். அஞ்சம்மா, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த முறை எனக்கு நல்ல தண்ணீர் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் குடித்த அந்தத் தண்ணீரைக் கொடுங்கள்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. எனக்காக ஏரிக்கரை வரை நடந்த கால்களுக்கு வணக்கம்.