நாலு மணி பால்கனி

பார்த்து உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த நாற்காலியில் பசை இன்னும் காய்ந்திருக்காது. எதிர்வீட்டுக் கடிகாரக்காரர் மாடியிலிருந்து விழுந்ததை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேனா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். பார்த்தேன். ஆனால் கொஞ்சம் முன்கதை இருக்கிறது.

முப்பது வருடம் ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஓய்வு பெற்றதும் பொம்மை ரயில் ஓட்ட ஆரம்பித்தவன் நான். வீட்டில் என்னை 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்கிறார்கள், மரியாதையால் அல்ல. மேசையில் இருக்கிறதே, அது நம் தெருவேதான், நாலு மணி வெயிலோடு. இந்தப் பக்கத்துக் கடைகள் அட்டை. எதிர்ப்பக்க வீடுகள் பின்சுவரில் வரைந்தவை. அட்டை எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம். அந்த இணைப்பை மறைக்க மட்டும் ஒன்பது மாதம் ஆயிற்று.

போன வாரம் மைத்துனன் வந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தன் பொம்மை ரயில் சங்கத்து ஆட்களைக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

"எல்லாம் சரி மாமா. ஆனா அந்த பால்கனி காலியா இருக்கே? நாலு மணின்னா கடிகாரக்காரர் கம்பியில சாஞ்சு நிப்பாரே. அவர் இல்லாம இது நம்ம தெருவா?"

நியாயமான குறை. அவரை வரைந்தேன், கரடியாக வந்தார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்; மீசை வைத்த கரடி. பொம்மை செய்து ஒட்டினால் அதன் நிழல் பின்சுவரில் வரைந்த வானத்தில் விழுந்தது. வானத்தில் நிழல் விழுந்தால் சங்கத்தார் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைத் திருத்தப் போனேன்: படத்தில் பால்கனி காலி என்றால், தெருவிலும் காலியாக இருந்துவிட்டால் சரிதானே.

நல்ல மனிதர், ஐயா. தினமும் அங்கிருந்தே, "என்ன டாக்டர், இன்னிக்கு ரயில் நேரத்துக்கு வந்துச்சா?" என்று கத்துவார். சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். டீ போட உள்ளே போனார். பால்கனிக் கம்பியைச் சுவரோடு பிடித்திருந்த நாலு போல்ட்டையும் கழற்றிவிட்டு, நான் அட்டையில் செய்து வர்ணம் பூசிய போல்ட் தலைகளை அங்கே ஒட்டினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்து வித்தியாசம் தெரியாவிட்டால் சரி, அதுதான் எங்கள் கணக்கு. டீயில் சர்க்கரை அதிகம். சொல்லவில்லை; மனிதர் மனசு நோகும்.

நாலு மணிக்கு ஜன்னலில் நின்றேன். வந்து சாய்ந்தார். "என்ன டாக்டர்" வரை கேட்டது.

மறுநாள் சங்கத்தார் வரவில்லை. துக்க வீட்டுக்கு எதிரில் ரயில் ஓட்டினால் நன்றாக இருக்காது என்று மைத்துனன் தள்ளி வைத்துவிட்டான். இது என் புத்திக்கு முன்பே எட்டவில்லை பாருங்கள்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டுகள் அந்தப் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. கிளம்புமுன் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். கம்பி இருந்த இடத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறு எனக்கு வரைய வரும். ஆனால் இப்போது நாலு மணிக்கு அவர் மனைவி அங்கே வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் அங்கே நிற்க வேண்டாம் என்று நீங்களாவது அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், ஐயா. நான் சொன்னால் நன்றாக இருக்காது.