உப்பளத்தை மறைத்த காது

கூனிமேடு டீக்கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண், கணவனின் கைபேசியைப் பார்த்துச் சொன்னாள்:

"மரக்காணத்துல உப்பளத்தை எடுங்கன்னா, என் காதை எடுத்து வெச்சிருக்கீங்க."

"உப்பளம் உன் பக்கம் இருந்துச்சு. நடுவுல நீ காரை ஓட்டிட்டிருந்தே."

"எல்லா படத்துலயுமா?"

"நான் துபாய் போறப்ப உனக்கு சைக்கிளே வராது. இன்னிக்கு ஏர்போர்ட்டுக்குத் தனியா கார் ஓட்டிட்டு வந்து நிக்கிறே. நம்ப முடியாம எடுத்துக்கிட்டே வந்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ தளும்பியது. அவனும் சிரித்தான்.

பிறகு அவள் சாவியை நீட்டினாள். "கோட்டக்குப்பத்துக்குள்ள நீங்க ஓட்டுங்க. நம்ம தெருவுல எல்லாரும் பார்ப்பாங்க."

அவன் வாங்கவில்லை.

"பார்க்கட்டும். நீயே ஓட்டு. நான் கண்ணாடியை இறக்கிட்டு உட்கார்ந்து வர்றேன்."